மாஸ்டர் பார்க்காத கடல்

ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் படித்தவர்கள். மாஸ்டர் என்றதும் தொந்தியும் விசிலுமாக ஓர் ஆம்பிளையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாஸ்டர் ஒரு பெண்மணி. ஒல்லி உடம்பு, ஊரைக் கூட்டும் குரல், மூக்கின் மேல் எப்போதும் தயாராக ஒரு கோபம். அவருடைய டிரைவிங் பள்ளி வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக் என்று இரண்டு உண்டு. மாணவர் மிதிக்க மறந்தால் மாஸ்டர் மிதித்துவிடுவார். மிதித்த பிறகு திட்டுவார். திட்டி முடித்த பிறகு, பாவம் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுவார்.

மாஸ்டரின் வீட்டுக்காரர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணைச் சோதித்து, வில்லையைத் தேய்த்து, மூக்கில் தடம் விழாமல் காதில் உறுத்தாமல் பொருத்தித் தருவதில் கெட்டிக்காரர். கண்ணாடிக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்ணாடிக்காரர் கடைக்குப் போவது சைக்கிளில். டிரைவிங் மாஸ்டரைக் கட்டிக்கொண்டவர் சைக்கிள் மிதித்துப் போகிறாரே என்று சிரிக்காத கடைக்காரர் அந்தத் தெருவில் கிடையாது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார்.

கல்யாணமான புதிதில் மாஸ்டர் அவருக்கும் சொல்லிக்கொடுக்கத்தான் பார்த்தார். மூன்றாவது நாள், நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் அந்தப் பாடம் முடிவுக்கு வந்தது.

“ஊருக்கெல்லாம் பார்வை பாத்துச் சொல்றீங்க, இவ்வளவு பெரிய லாரி கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுதும்மா. அது கிளம்பிடும்னு நெனச்சேன்.”

“நெனச்சீங்களா! வண்டி ஓட்டும்போது யாராவது நெனப்பாங்களா? இங்க பாருங்க, நமக்குக் குடும்பம் வேணுமா, நீங்க வண்டி ஓட்டணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

அவர் குடும்பம் என்று சொன்னார். அன்றோடு அந்தப் பேச்சு அடங்கியது. அதற்குப் பின் மகள் பிறந்து, படித்து, வேறு ஊருக்கு வேலைக்கும் போய்விட்டாள். கண்ணாடிக்காரர் சைக்கிளை மட்டும் மாற்றினார்.

அப்படியே போயிருக்கும். ஆனால் போன வருஷம் ஒருநாள் மாஸ்டர் லைசென்ஸ் புதுப்பிப்பதற்காகப் புருஷனிடமே கண் சோதித்துக்கொள்ள வந்தார். எழுத்துப் பலகையின் கடைசி வரி இருக்கிறதே, கடையில் வேலை பார்க்கும் இளசுகளே தடுமாறும் வரி, அதை மாஸ்டர் தெருப் பலகையைப் படிப்பது போல் கடகடவென்று படித்துவிட்டு எழுந்துபோனார். கண்ணாடிக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இத்தனை நல்ல கண்ணை வைத்துக்கொண்டு இவள் இத்தனை காலம் எதைப் பார்த்தாள் என்று யோசித்தார். தார் ரோட்டைப் பார்த்தாள். மாணவர்களின் கையைப் பார்த்தாள். மகளோடு மலைக்குப் போனபோதும், பாலத்தைத் தாண்டிப் பெரிய ஆற்றைக் கடந்தபோதும் ஓட்டியவள் அவள்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆவென்று பார்த்துக்கொண்டு வந்தவர் இவர். அவருக்குத் துக்கமாகக்கூட வந்துவிட்டது. ஒரே ஒரு முறையாவது இவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெளியே பார்த்துக்கொண்டு வரும்படி செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவுசெய்தார்.

அடுத்த வாரமே போய் மீசையிடம் சேர்ந்தார்.

இங்கேதான் அவர் செய்த காரியத்தின் வீரியம் புரிய வேண்டும். ஊரில் இருந்த மற்றொரு டிரைவிங் பள்ளி மீசையுடையது. மீசை தங்கமான மனிதர், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். அவரிடம் ஒரே ஒரு விசேஷம் உண்டு. மாணவர்கள் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். ‘கண்ணாடி பாத்தாச்சு. கை காட்டியாச்சு. யாரும் வரல. போறேன்.’ தெருவில் யாராவது தனக்குத்தானே பேசிக்கொண்டு வண்டியில் போனால் அது மீசையின் தயாரிப்பு என்று அர்த்தம். மாஸ்டருக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். “வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறாரா, கிரிக்கெட் கமெண்ட்ரி கத்துக்கொடுக்கிறாரா?” என்பார். மாஸ்டரின் பாடம் ஒரே வரி: வாயை மூடு, கண்ணைத் திற.

அந்த மீசையிடம் மாஸ்டரின் புருஷன் மதிய இடைவேளைகளில் யாருக்கும் தெரியாமல் படித்து, பரீட்சையில் தேறி, லைசென்ஸும் வாங்கிவிட்டார். வாங்கியதைப் பழைய கண்ணாடிக் கூடு ஒன்றுக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகள் ஒருத்திக்கு மட்டும் சொன்னார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து இரண்டு பேரையும் அதில் ஏற்றிவிட்டாள்.

“ஒரு வாரம் கடலோரமாப் போயிட்டு வாங்க. கடையும் பள்ளிக்கூடமும் எங்கயும் ஓடிடாது,” என்றாள் அம்மாவிடம். அப்பாவைத் தனியாகத் தள்ளிக்கொண்டுபோய், “அங்க வெச்சுச் சொல்லிடுப்பா. ஆனா மீசைன்னு மட்டும் எடுத்தவுடனே சொல்லாதே,” என்றாள்.

கேரவன் என்றால் சக்கரம் வைத்த வீடு. கட்டிலை மடித்தால் மேஜை, மேஜையை மடித்தால் சுவர். அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. கழிப்பறைக்குள் நுழைவதற்கு முன்பே எந்தப் பக்கம் பார்த்து உட்கார்வது என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும். உள்ளே போய்த் திரும்பிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. அலமாரிக் கதவுக்குக் கொக்கி போட மறந்த முதல் நாள், ஒரு வளைவில் தட்டு, டம்ளர், சர்க்கரை டப்பா எல்லாம் கீழே இறங்கி வந்துவிட்டன. மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. சர்க்கரையைப் பொறுக்கிக்கொண்டே கண்ணாடிக்காரரும் சிரித்தார். வீட்டில் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கு ஞாபகமில்லை.

அந்தக் கடற்கரையில் ஆள் நடமாட்டமே கிடையாது. ஒரு பக்கம் சிவந்த பாறைச் சரிவு, காற்றுக்குப் படுத்தே பழகிவிட்ட புல்வெளி. மறுபக்கம் கடல். குளிக்கிற கடல் இல்லை, பார்க்கிற கடல். பாறையில் வந்து மோதி, வீட்டு உயரத்துக்கு எழும்பி, தூள் தூளாகி விழுந்துகொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பறவைகள், பங்காளிச் சண்டை மாதிரி ஓயாத கூச்சல். கண்ணாடிக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“அங்க பாரு, அங்க பாரு! பாறையில ஓட்டை, அதுக்குள்ளேருந்து தண்ணி பீச்சி அடிக்குது!”

“ரோட்டைப் பாக்கவா, கடலைப் பாக்கவா? ஒண்ணு சொல்லுங்க.”

“ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரேன்.”

“திரும்பிப் பாத்தா அப்புறம் அந்தப் பாறையிலதான் நாம உக்காந்திருப்போம்.”

அதுவும் நியாயம்தான். சாலை அப்படி. வண்டியை நிறுத்திய பிறகாவது பார்ப்பார் என்றால், மாஸ்டர் இறங்கியதும் டயரைத் தட்டிப் பார்ப்பார், எண்ணெய்க் கசிவு உண்டா என்று குனிந்து பார்ப்பார். அதற்குள் இருட்டிவிடும். சாப்பிட்டதும் அடித்துப்போட்டது போல் தூங்கிவிடுவார். மகள் போனில் கேட்டாள்: “அம்மா, கடல் எப்படி இருக்கு?” மாஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரோடு பரவாயில்ல. ஓரத்துல மட்டும் மணல் ஜாஸ்தி,” என்றார்.

கண்ணாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் வாயைத் திறப்பார். மாஸ்டர், “என்ன?” என்று திரும்புவார். அந்த ‘என்ன’வைக் கேட்டதும் இவர் அவசரமாகக் கோப்பையை வாயில் வைத்துக்கொள்வார். “டீ நல்லா இருக்கு,” என்று சொல்லிவிடுவார். இப்படியே டீயைப் பாராட்டிப் பாராட்டி வாரம் ஓடிப்போய்க் கடைசி நாள் வந்துவிட்டது.

கேரவன்கள் நின்று தங்கும் முகாம்களில் கடைசியானது ஒரு குன்றின் அடிவாரத்தில் இருந்தது. அங்கிருந்து கேரவன் கம்பெனி இருக்கும் ஊருக்கு இரண்டு வழி. குன்றுக்குப் பின்னால் போகும் பெரிய சாலை ஒன்று. அதில் லாரிகளையும் தூசியையும் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. இன்னொன்று குன்றின் விளிம்பிலேயே ஏறிப் போகும் சின்னச் சாலை. கையை நீட்டினால் கடல். அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களெல்லாம் அந்தச் சாலைக்காகத்தான் வருவார்கள். கண்ணாடிக்காரர் மனசுக்குள் வாரம் முழுக்க ஓட்டிப் பார்த்த சாலையும் அதுதான். இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஊருக்குப் போய்விட்டால் மாஸ்டர் மாஸ்டராகிவிடுவார், இவர் சைக்கிளில் ஏறிவிடுவார்.

முகாமைப் பார்த்துக்கொண்டது ஓர் அம்மாள். காற்றில் பறக்காமல் தொப்பியைத் தாடையோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். எல்லோரும் தொப்பியம்மா என்றார்கள். அன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. “ஊத்து பக்கத்துலதான் இருக்கு. வாங்க, ஜீப்ல போயிட்டு வந்துடலாம்,” என்று தொப்பியம்மா கூப்பிட்டார். கண்ணாடிக்காரர் பின்னால் கேன்களுக்கு நடுவில் ஏறிக்கொண்டார். மாஸ்டர் முன்னால், பக்கத்து இருக்கையில்.

ஒரு திருப்பத்தில் ஆடு ஒன்று குறுக்கே வந்து நின்றது. தொப்பியம்மா அந்த ஆட்டைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர். நிதானமாகத்தான் பிரேக்கைத் தொட்டார். ஆனால் மாஸ்டரின் வலது கால் யாரையும் கேட்கவில்லை. தன் காலடியில் பிரேக் இருப்பதாகவே நம்பி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஜீப்பின் தரையை ஓங்கி மிதித்தது.

ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடு ஒரு செடியைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. மாஸ்டரின் கணுக்கால் மட்டும் சுளுக்கிக்கொண்டது.

“ஐயோ, என்னம்மா ஆச்சு? எங்கயும் மோதலையே!” என்று தொப்பியம்மா பதறினார்.

“பிரேக் பிடிச்சேன்,” என்றார் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு.

“எந்தப் பிரேக்?”

பின்னால் கேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணாடிக்காரர் இருமுவது போல் சமாளித்தார். மாஸ்டர் நம்பவில்லை.

முகாமுக்குத் திரும்பியதும் மாஸ்டரை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, காலை வாளித் தண்ணீரில் வைக்கச் சொன்னார் தொப்பியம்மா. எலும்பு முறியவில்லை, நான்கு நாள் ஊன்றக் கூடாது என்று கையால் அழுத்திப் பார்த்துச் சொல்லிவிட்டுக் குழாயைப் பார்க்கப் போய்விட்டார். கணுக்கால் உப்பிக்கொண்டு நின்றது. மாஸ்டர் அதைப் பார்த்தார், கேரவனைப் பார்த்தார், போனை எடுத்தார்.

“கம்பெனிக்குச் சொல்லிடறேன். டிரைவர் யாரையாவது அனுப்பி எடுத்துட்டுப் போகட்டும். பெரிய ரோடு வழியா நம்மளையும் கொண்டுபோய் விட்டுடுவாங்க.”

“குன்று ரோடு?”

“அவங்க எதுக்கு அதுல வரப்போறாங்க? போனா போகுது. ரோடுதானே.”

மாஸ்டரின் விரல் போனில் எண்களைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு தட்டு தட்டினால் எல்லாம் முடிந்தது.

“நான் ஓட்டறேன்,” என்றார்.

மாஸ்டர் நிமிர்ந்தார். வெயிலில் நின்றவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போல் பார்த்தார். “எதை?”

“கேரவனை.”

கண்ணாடிக் கூட்டைத் திறந்து, லைசென்ஸை எடுத்து, வாளிக்கு மேலாக நீட்டினார். மாஸ்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“எப்போ?”

“போன வருஷம்.”

“யார்கிட்ட?”

“அது... ஒரு இடத்துல.”

“எந்த இடத்துல?”

“முதல்ல ஓட்டிக் காட்டறேனே. பாத்துட்டுச் சொல்லு.”

மாஸ்டருக்குள் இருந்த மனைவி அப்போதே சண்டைக்குத் தயார். ஆனால் மாஸ்டருக்குள் இருந்த மாஸ்டர் முந்திக்கொண்டார். அவர் தொழிலில் பரீட்சை வைக்காமல் யாரையும் விட்டதில்லை. “குழாயடியில ரெண்டு வாளி இருக்கு பாருங்க, எடுத்து அங்க வையுங்க. இன்னும் தள்ளி. ம். வண்டியைப் பின்னால எடுத்து, ரெண்டுக்கும் நடுவுல நிறுத்துங்க. வாளியில பட்டா போன் பண்ணிடுவேன்.”

பக்கத்துக் கேரவன்களில் இருந்தவர்கள் டீக் கோப்பையோடு வெளியே வந்துவிட்டார்கள். சும்மா கிடைக்கிற வேடிக்கையை யார் விடுவார்கள்? கண்ணாடிக்காரர் ஏறி உட்கார்ந்தார். சக்கரம் வைத்த வீடு அது, மீசையின் சின்ன வண்டி இல்லை. கண்ணை மூடித் திறந்தார். வாயை மூடிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும், என்ன ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாவியைத் திருப்பினார். ஜன்னல் திறந்திருந்தது.

“கண்ணாடி பாத்தாச்சு,” என்று முகாம் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் வந்தது. “பின்னால யாரும் இல்ல. மெதுவா கிளச்சை விடறேன்.”

மாஸ்டர் அடிபட்ட காலையும் மறந்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “மீசை!”

வலி உச்சந்தலைக்கு ஏறியது. மறுபடி உட்கார்ந்தார். “மீசை,” என்றார் இன்னொரு தடவை, இந்த முறை பல்லுக்குள்ளேயே. குட்டு உடைந்தது அந்த வண்டிக்குள் இருந்தவருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு, “இடது பக்கம் வாளி தெரியுது. வலது பக்கம் வாளி தெரியுது. நேரா வரேன், வரேன், வரேன், நின்னாச்சு,” என்று சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினார். டீக் கோப்பைக்காரர்கள் கை தட்டினார்கள்.

மாஸ்டர் ஒற்றைக் காலால் நொண்டிக்கொண்டு போய் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். கையை விரித்து அளந்தார். இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவே இருந்தது. அதில்தான் அவருக்கு இன்னும் கோபம்.

“என் வீட்டுக்குள்ளயே அந்த ஆள் புகுந்துட்டாரே!” என்றார், இறங்கி வந்த புருஷனைப் பார்த்து. “ஏன், நான் இல்லையா? ஊருக்கெல்லாம் நான் வேணும், உங்களுக்கு அவரா?”

“உன்கிட்ட வந்தா, குடும்பம் வேணுமா வண்டி வேணுமான்னு கேப்பே. எனக்கு ரெண்டும் வேணும்.”

“எதுக்கு? இத்தனை நாள் இல்லாம இப்போ என்ன அப்படி வண்டி ஆசை?”

“வண்டி ஆசை இல்ல.” கண்ணாடிக்காரர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். நல்ல நேரம் பார்த்து, வார்த்தைகளை அடுக்கிவைத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்திருந்தது, வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தாறுமாறாக வந்தது. “உன் கண்ணு மாதிரி கண்ணு நான் பாத்ததில்ல. ஆனா நீ ஒண்ணும் பாக்கலம்மா. எல்லா இடத்துக்கும் நீதான் என்னைக் கூட்டிட்டுப் போனே. பாத்தது பூரா நான். மகள் கேட்டப்போ ரோடு பரவாயில்லன்னு சொன்னியே, எனக்கு அழுகையே வந்துடுச்சு. இன்னைக்கு ஒருநாள் நீ உக்காந்து கடலைப் பாரு. அதுக்குத்தான் கத்துக்கிட்டேன்.”

மாஸ்டர் வாயடைத்து நின்றார். அவர் வாயடைத்து யாரும் பார்த்ததில்லை. அதனால் கண்ணாடிக்காரர் பயந்துபோனார்.

“சரி, ஏறுங்க,” என்றார் மாஸ்டர் கடைசியில். “தப்பு பண்ணினீங்கன்னா நான் இறங்கிடுவேன்.”

“இந்தக் காலோடயா?”

“ஒத்தக் கால்ல இறங்குவேன். அப்புறம் அந்த மீசைப் பாட்டு வேண்டாம். வாயை மூடிட்டு ஓட்டுங்க.”

அங்கேதான் வந்தது வம்பு. வாயை மூடினால் கண்ணாடிக்காரருக்குக் கை ஓடவில்லை. முகாம் வாசலைத் தாண்டுவதற்குள் வண்டி மூன்று முறை குலுங்கி நின்றது. அலமாரிக்குள் தட்டெல்லாம் தாளம் போட்டன. கியர் எது, கிளச் எது என்பதே மறந்துபோய், பேச்சு வராத குழந்தை மாதிரி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

“சொல்லித் தொலைங்க.”

“கண்ணாடி பாத்தாச்சு,” என்றார் அவர் உற்சாகமாக. வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

சாலை மேலே ஏற ஏற, மாஸ்டர் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே கடல் விரிந்துகொண்டே வந்தது. கண்ணாடிக்காரர் திரும்பவில்லை. “எதிர்ல ஒரு வேன். நான் ஓரம் கட்டறேன். வேன் நன்றி சொல்லுது. கிளம்பறேன். இப்போ ஒரு ஆடு. ஆடு யோசிக்குது. நான் நிக்கறேன். ஆடு இன்னும் யோசிக்குது. சரி, போயிடுச்சு.” வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார். மேட்டில் கியரை மாற்றினார். பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. இந்நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள், பேச்சு வராமல் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்க நினைக்க அவருக்குள் சந்தோஷம் பொங்கியது. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உச்சிக்குப் போனதும் சாலை சட்டென்று உள்பக்கம் திரும்பியது. குன்றின் முதுகு குறுக்கே வந்து கடலை மறைத்தது. பெரிய சாலையோடு சேரும் இடத்தில் ஒரு திடல் இருந்தது. அதில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, “நின்னாச்சு,” என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணாடிக்காரர் மூச்சு விட்டார். மனைவி பக்கம் திரும்பினார்.

“எப்படி இருந்துச்சு?”

மாஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். புல்மேடுதான் இருந்தது. “கடல் எங்க?”

“முடிஞ்சு போச்சும்மா. இவ்வளவு நேரம் உன் பக்கத்துலயேதானே இருந்துச்சு. நீ பாக்கலையா?”

“இல்ல,” என்றார் மாஸ்டர். குரல் மிகச் சின்னதாக இருந்தது. “உங்க கையைத்தான் பாத்துட்டு வந்தேன்.”

கண்ணாடிக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. திருட்டுத்தனமாகப் படித்து, ஒரு வருஷம் மறைத்துவைத்து, வாரம் முழுக்க டீயைப் புகழ்ந்து, வாளிக்கு நடுவில் நிறுத்திக் காட்டி, எல்லாம் இதற்குத்தானா? இவளை மாற்றத் தலைகீழாக நின்றாலும் முடியாது. பாவம், அவள் கண் அவள் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. சரி, பரவாயில்லை, பார்த்தது என் கையைத்தானே என்று தேற்றிக்கொண்டு சாவியில் கை வைத்தார்.

“தப்பே இல்லைங்க,” என்றார் மாஸ்டர். “தப்பு வரும், வரும்னு பாத்துட்டே வந்தேன். ஒண்ணுகூட வரல. எதிர்ல என்ன வருதுன்னு நான் பாக்கறதுக்கு முன்னாடியே நீங்க சொல்லிடறீங்க. ஆடு வருதுன்னு உங்க வாய்லேருந்து கேட்டதும் என் கால் சும்மா இருந்துச்சு. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.” சுளுக்கிய காலைத் தடவிக்கொண்டார். “அந்த ஆள் கத்துக்கொடுக்கறதுல ஏதோ இருக்கு. ஊருக்குப் போய் நான் இப்படிச் சொன்னேன்னு சொன்னீங்க, அவ்வளவுதான்.”

“சொல்லமாட்டேன்.”

“திருப்புங்க.”

“எங்க?”

“கீழ. முகாமுக்கு. முதல்லேருந்து போலாம்.”

கண்ணாடிக்காரர் அவரையே பார்த்தார். மாஸ்டர் விளையாடவில்லை. “வண்டியை சாயங்காலத்துக்குள்ள விட்டா போதும். சீக்கிரம் திருப்புங்க,” என்று அதட்டினார். அதட்டலில் பழைய மாஸ்டர் இருந்தார். ஆனால் முகத்தில் கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது.

அந்தத் திடலில் வீட்டளவு வண்டியை முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்ப அவர் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித் திருப்பினார். மாஸ்டர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாரே தவிர ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கீழே இறங்கும்போது கடல் இவர் பக்கம் வந்தது. இவர் எங்கே பார்க்க! முகாம் வாசலில் தொப்பியம்மா குழாயும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

“என்ன, எதையாவது மறந்து வெச்சுட்டீங்களா?”

“ஆமாம்,” என்று மாஸ்டர் ஜன்னல் வழியே கத்தினார். “எடுத்துக்கிட்டுப் போயிடறோம்!”

தொப்பியம்மா புரியாமல் கையசைத்தார். கேரவன் அவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி குன்றில் ஏறியது.

இந்த முறை மாஸ்டர் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். காற்று உள்ளே புகுந்து தலைமுடியைக் கலைத்தது. உடம்பைத் திருப்பி, புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தார். “நீங்க சத்தமா சொல்லிட்டே வாங்க,” என்றார். “நான் ரோட்டைப் பாக்கமாட்டேன்.”

“மாஸ்டர் உத்தரவு.” கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எதிர்ல யாரும் இல்ல. ரெண்டாவது கியர். இடப்பக்கம் ஒரு கல் கிடக்குது, ஒதுங்கிப் போறேன்.”

“அடேயப்பா,” என்றார் மாஸ்டர்.

“என்ன?”

“இவ்வளவு பெரிசாங்க இது?”

“வளைவு வருது,” என்றார். “ஹாரன் அடிக்கறேன்.”

“கீழ பச்சையா இருக்கு. தள்ளிப் போகப் போக நீலமாயிடுது. அதுக்கும் அந்தப் பக்கம் என்ன கலர்னே சொல்லத் தெரியல. பாறை மேல பறவைங்க வரிசையா உக்காந்திருக்கு. ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளிவிடுது, பாருங்க! இல்ல, பாக்காதீங்க.” மாஸ்டர் சிரித்தார். எந்த மாணவரும் கேட்டிராத சிரிப்பு அது. “ஐயையோ, அலை அடிச்சுது. எல்லாம் பறந்துடுச்சு.”

“மேடு. கியரைக் குறைக்கறேன்.”

“என்னங்க, தண்ணிக்குள்ள என்னவோ குதிக்குது! கறுப்பா, வழவழன்னு. ஒண்ணு. இல்ல, மூணு. ஐயோ, டால்பினுங்க, கூட்டமா வருதுங்க!”

கண்ணாடிக்காரருக்குக் கழுத்து நமநமத்தது. வாரம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் அவர் கண்ணில் படாதவை அவை. ஒரே ஒரு நொடி திரும்பினால் போதும்.

“எங்க, எங்க?”

“நீங்க ரோட்டைப் பாருங்க,” என்றார் மாஸ்டர், கடலை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நான் சொல்லிட்டு வரேன்.”